ஃப்ரிட்ஜ் பழுது: நாமே பாகம் மாற்றுவதா, மெக்கானிக்கை அழைப்பதா?

கதவு ரப்பர், உள்விளக்கு, கம்ப்ரஸர் ரிலே (கம்ப்ரஸரை ஓடத் தொடங்கவைக்கும் சின்ன ஸ்விட்ச்) போன்றவற்றுக்கு நாமே போதும் என்பது என் கருத்து. கதவு ரப்பரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. புது ரப்பர் பெரும்பாலும் மடங்கிப்போய்த்தான் வரும். வெந்நீரில் சற்று ஊறவைத்தால் இளகி நேராகும். அப்புறம் பள்ளத்தில் அழுத்திப் பொருத்தினால் சரி. கம்ப்ரஸர் ‘டிக்’ என்று சத்தம் மட்டும் போட்டு ஓடாமல் நின்றால், ரிலேயைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். உள்ளே கலகலத்தால் அது உடைந்திருக்கிறது. மாடல் எண்ணைப் பார்த்தே பாகம் வாங்குங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பாகமான கெப்பாசிட்டரில் அதற்குப் பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும், ஜாக்கிரதை.

வாயுக் குழாய், கம்ப்ரஸர் என்றால் மெக்கானிக்தான். இதில் தயக்கமே வேண்டாம். புதிய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் குளிரூட்டும் வாயுவாக இருக்கும் ஆர்600ஏ என்பது ஐசோபியூட்டேன்; எளிதில் தீப்பற்றும். கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து உறிஞ்சியெடுத்து, கிராம் கணக்கில் எடைபோட்டு வாயு நிரப்ப வேண்டும். அதற்கான கருவிகள் வீட்டில் இருக்காது.

வாரன்டி இருக்கும்வரை சின்ன வேலைக்கும் கம்பெனி ஆளையே கூப்பிடுங்கள். நாமே திறந்தால் வாரன்டி போய்விடலாம்.