ஐந்து ரோடு மாடிக் கடையில் எழுதி வாங்கிய பயோடேட்டா

சேலம் ஐந்து ரோடு பக்கம், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் பயோடேட்டா எழுதிக் கொடுக்கிறார்கள். போன மாதம் 800 ரூபாய் கொடுத்து எழுதி வாங்கினேன். ராணுவத்திலிருந்து வந்து வேலை தேடும் தம்பிகளுக்கு உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

ராணுவத்தின் சப்ளை பிரிவான ஏ.எஸ்.சி.யில் 17 வருடம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். டிரேடு எஸ்.கே.டி., அதாவது ஸ்டோர் கணக்கு. நானே அடித்த பழைய பயோடேட்டாவில் இந்த எழுத்துகள்தான் இருந்தன. அதோடு நாலு கம்பெனி ஏறி இறங்கினேன். நாலு இடத்திலும் "செக்யூரிட்டி வேலை இருக்கு, வர்றீங்களா?" என்றார்கள். அந்த வேலை பார்க்கும் கூட்டாளிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நான் கேட்டது குடோன் வேலை. "ஆர்மி ஸ்டோர்னா துப்பாக்கி வைக்கிற இடமா சார்?" என்று ஒரு எச்.ஆர். பையன் கேட்டான். அவன் மேல் தப்பில்லை. ஏ.எஸ்.சி. என்றால் அரிசி, பருப்பு, டீசல், வண்டி என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மாடிக் கடையில் இருக்கும் பெண் என் பேப்பரை ஓரமாக வைத்துவிட்டார். "அண்ணா, காலையில டிப்போக்குள்ள போனா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று ஆரம்பித்தவர் ஒன்றரை மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். லடாக்கில் இருந்ததைச் சொன்னேன். பனி விழுந்து ஜோஜி லா கணவாய் மூடிவிட்டால் லாரி வராது. குளிர்காலம் முழுக்கத் தேவைப்படும் ரேஷனும் மண்ணெண்ணெயும் கோடையிலேயே மேலே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். கணக்கில் பிசகினால் மேலே இருக்கிறவன் அடுப்பு எரியாது. தேதி பழசான டின்தான் முதலில் லோடு ஏறும் என்றதும் அவர் நிமிர்ந்து, "இதைத்தாங்க அண்ணா குடோன்ல ஃபிஃபோன்னு சொல்றாங்க, இதை ஏன் எழுதவே இல்ல?" என்றார். நமக்கு அது தினப்படி வேலை. எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை.

அப்படியே ஒவ்வொன்றாக மாறியது. வருஷா வருஷம் அதிகாரிகள் போர்டு உட்கார்ந்து சரக்கை எண்ணுவது, இருப்புச் சரிபார்ப்பு ஆனது. செக்‌ஷன் என்பது "12 பேர் கொண்ட குழுவுக்கு ஷிஃப்ட் போட்டு வேலை வாங்கியவர்" ஆனது. சரக்கு குறைந்தால் நடக்கும் கோர்ட் ஆஃப் என்கொயரி என்ற ராணுவ உள்விசாரணைக்குக் கணக்கு எடுத்துக் கொடுத்ததையும் சொன்னேன். "கோர்ட்னு போட்டா உங்க மேல கேஸ்னு நினைச்சுக்குவாங்க அண்ணா" என்று அதைச் சரக்குக் குறைவு விசாரணை என்று மாற்றினார். யூனிட் பெயர், போஸ்ட் இருந்த இடம் எதுவும் வேண்டாம் என்றேன். மறுபேச்சில்லாமல் எடுத்துவிட்டார்.

ஒரு குறை. முதல் பிரதியில் என்னை லாஜிஸ்டிக்ஸ் மேனேஜர் என்று போட்டிருந்தார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் ஹவில்தார் என்று இருக்கும்போது அது பொய். ரேங்க்கை உயர்த்திக் காட்டி வேலை வாங்குவதை நான் ஏற்க மாட்டேன். சொன்னதும் "ஹவில்தார் (ஸ்டோர் மேற்பார்வை)" என்று திருத்தினார்கள், கூடுதல் பணம் கேட்கவில்லை. ஆனால் நீங்களும் வரிக்கு வரி படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். இரண்டு நாள் என்று சொன்னது ஐந்து நாள் ஆனது. படி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் போனில் பேசிவிட்டுப் போங்கள்.

பத்தாவது முடித்து 15 வருட சர்வீஸ் போட்டவர்களுக்குக் கிடைக்கும் பட்டப்படிப்பு இணைச் சான்றைப் பற்றி மாடிக் கடையில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. அது மத்திய அரசு குரூப் சி வேலைகளுக்கு உதவும். அதைப் பற்றி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

புது பயோடேட்டாவோடு சூரமங்கலம் பக்கம் ஒரு குடோனுக்குப் போனேன். மேனேஜர் இரண்டாவது வரியிலேயே விரலை வைத்து, "ஆறு மாசச் சரக்கை முன்கூட்டியே எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்று கேட்டார். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். ஒண்ணாம் தேதியிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

போகிறவர்கள் டிஸ்சார்ஜ் புக், கோர்ஸ் சர்ட்டிபிகேட் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டு வராதீர்கள்.