ஒரு வாரம், அவசரமில்லாமல்: ஹைதராபாத்தா, கொல்கத்தாவா?

ஏழு நாள் விடுமுறை. மலை வேண்டாம், கடற்கரை வேண்டாம். ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் ஒரே விடுதியில் தங்கி, நாளுக்கு ஒன்றிரண்டு இடங்களை நிதானமாகப் பார்த்து, வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிட்டு, மதியம் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு வர வேண்டும். சென்னையிலிருந்து கிளம்புகிறவர் இப்படிக் கேட்டால் என் மனதில் முதலில் வருபவை ஹைதராபாத்தும் கொல்கத்தாவும்தான். இரண்டும் ஒரு காலத்தில் அதிகாரம் குடியிருந்த ஊர்கள். அதிகாரம் போன பிறகும் சமையலறையை விட்டுக்கொடுக்காத ஊர்கள். நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இரண்டிலும் வெயில் நம்மைப் படுத்தாது.

என் ஓட்டு எதற்கு என்பதை ஒளித்துவைக்கப் போவதில்லை. நான்கு நாள் என்றால் ஹைதராபாத். ஏழு நாள் என்றால் கொல்கத்தா. லக்னோவைப் பட்டியலில் சேர்க்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே கபாப் அபாரம்தான், ஆனால் மூன்று நாளுக்கு மேல் இழுக்க முடியாது. தவிர, லக்னோ சமையலின் ஒரு கிளை கொல்கத்தாவிலேயே இருக்கிறது. அந்தக் கதை பிறகு வருகிறது.

போய்ச் சேரும் விஷயத்தில் ஹைதராபாத்துக்குத்தான் வெற்றி. மாலையில் ரயில் ஏறினால் காலையில் இறங்கிவிடலாம். கொல்கத்தா ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். ரயிலில் ஒரு முழு நாளுக்கும் மேல் ஆகும். போகவர இரண்டு வழியும் ரயில் என்றால் விடுமுறையில் பெரும் துண்டு தண்டவாளத்திலேயே கழிந்துவிடும். சிலிகா ஏரியை ஒட்டி வண்டி ஓடும் பகுதி பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஒரு வழி ரயில், மறுவழி விமானம் என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் இறங்கிய பிறகு நிலைமை மாறிவிடுகிறது. ஹைதராபாத் விமான நிலையம் ஷம்ஷாபாத்தில், ஊருக்கு வெளியே இருக்கிறது. கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்துக்கு 2025 ஆகஸ்ட் முதல் மெட்ரோவே வந்துவிட்டது.

கோட்டையும் தெருவும்

கண்ணுக்குப் பிரமாண்டம் வேண்டும் என்றால் ஹைதராபாத்துடன் கொல்கத்தா போட்டியிடவே முடியாது. கோல்கொண்டாவின் நுழைவாயிலில் நின்று கை தட்டினால் உச்சியில் இருக்கும் பாலா ஹிஸாரில் கேட்கும்; எதிரி வந்தால் மேலே தகவல் சொல்ல அன்று செய்த ஏற்பாடு இது. காலை திறந்தவுடன் ஏறிவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு அந்தப் படிகளில் ஏறுவது விடுமுறைக் கணக்கில் வராது. அருகிலேயே குதுப் ஷாஹி சுல்தான்களின் சமாதி வளாகம். ஊரில் என்னைக் கேட்டால் இதுதான் முதலிடம். பெரிய குமிழ்க் கோபுரங்கள், நடுவே மரங்கள், உட்கார நிழல். கோட்டைக்கு வரும் கூட்டத்தில் பாதிகூட இங்கே வருவதில்லை.

1591-இல் முகமது குலி குதுப் ஷா கட்டிய சார்மினாரைச் சுற்றி ஒரு முழு நாள் போகும். பக்கத்திலேயே மெக்கா மசூதி, வளையல் கடைகள் நிறைந்த லாட் பஜார், கொஞ்சம் தள்ளி நிஜாம்களின் சௌமஹல்லா அரண்மனை. சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு அடுத்த நாளை ஒதுக்குங்கள். மூன்றாம் சாலார் ஜங் சேர்த்துவைத்த பொருள்களே அதன் பெரும்பகுதி. ஒரே மனிதர் இவ்வளவு வாங்கியிருக்கிறாரே என்ற மலைப்பிலேயே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். முகத்திரை அணிந்த ரெபேக்காவின் பளிங்குச் சிலையில் திரையும் கல், முகமும் கல். ஆனாலும் திரைக்குள்ளே முகம் தெரிகிறது. இசைக் கடிகாரத்தில் குட்டிப் பொம்மை வந்து மணி அடிப்பதைப் பார்க்க ஒவ்வொரு மணிக்கும் ஒரு கூட்டம் கூடும். கடிகாரத்தை விட்டு அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதும் சுகம்தான்.

எவ்வளவு மெதுவாகப் போனாலும் நான்காம் நாள் மாலை ஹுசேன் சாகர் கரையில் நின்று புத்தர் சிலையைப் பார்க்கும்போது பட்டியல் தீர்ந்துவிடும். ஐந்தாம் நாளுக்கு எல்லோரும் சொல்வது ராமோஜி திரைப்பட நகரம். காலையிலிருந்து மாலை வரை வரிசை, பஸ், மறுபடி வரிசை. பிள்ளைகளுக்குப் பிடிக்கலாம், ஓய்வு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. வாரங்கலோ பீதரோ போய்வரலாம். இரண்டும் போக 150 கிலோமீட்டர் அளவு, வர அவ்வளவு. நல்ல இடங்கள்தான், ஆனால் அன்று உங்கள் விடுமுறை கார் இருக்கையில் கழியும்.

கொல்கத்தாவில் தனித்தனி இடங்களை எடுத்து எடைபோட்டால் அது தோற்கும். 1921-இல் திறந்த விக்டோரியா நினைவு மண்டபம் அழகு என்றாலும் அதன் உள்ளே இருப்பதைவிட வெளியே இருக்கும் தோட்டமே மேல். 1814-இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகம் பெரியது, சற்று தூசி படிந்தது, எகிப்திய மம்மி ஒன்றை வைத்திருப்பது. இவை இரண்டையும் முடித்துவிட்டு ‘கொல்கத்தா பார்த்தாயிற்று’ என்று திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஏனென்றால் அந்த ஊரின் சரக்கு கட்டடத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது. ஹௌராவில் படகேறி வடக்கே ஆகிரிடோலா துறையில் இறங்குங்கள். கட்டணம் சில ரூபாய்தான். தலைக்கு மேல் நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் ஆணிகளாலேயே இணைத்த, 1943-இல் திறந்த ஹௌரா பாலம் கடந்து போகும். இறங்கி நடந்தால் களிமண் சிலை செய்பவர்களின் பேட்டையான குமார்துலி. சந்து முழுக்க வைக்கோலால் கட்டிய உடல்கள், பாதி களிமண் பூசிய கைகள், இன்னும் கண் திறக்காத துர்க்கைகள். துர்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்பு அங்கே நுழையவே இடமிருக்காது. மற்ற மாதங்களிலும் ஏதாவது ஒரு தெய்வம் உருவாகிக்கொண்டுதான் இருக்கும். அங்கிருந்து பாக்பஜார் பக்கம் நடந்தால் போஸ்பாரா சந்தில், பாரதி தன் குருவாக ஏற்ற சகோதரி நிவேதிதா வாழ்ந்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. தமிழர்கள் பலர் அதை அறியாமலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொரு நாள் கல்லூரித் தெரு. நடைபாதை முழுக்கப் பழைய புத்தகங்கள், மாடியில் காபி ஹவுஸ். காபி சுமார்தான், அங்கே யாரும் காபிக்காகப் போவதில்லை. அருகில் 1918-இலிருந்து இருக்கும் பாரமவுண்ட் கடையில் இளநீர் சர்பத் குடித்துவிட்டு, தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீட்டுக்குப் போகலாம். மற்றொரு நாள் தட்சிணேஸ்வரம், அங்கிருந்து படகில் பேலூர் மடம். மடத்தை மதியம் சாத்திவிடுவார்கள் என்பதைக் கணக்கில் வையுங்கள். 1767-இல் தொடங்கிய பார்க் ஸ்ட்ரீட் கல்லறையில் மரநிழலில் ஒரு மணி நேரம். இப்படி ஏழு நாளும் நிறைந்துவிடும். எதுவும் அடித்துப் பிடித்து ஓடுகிற காரியமாக இருக்காது.

ஊருக்கு வெளியே போக வேண்டும் என்றால் ஹௌராவிலிருந்து மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் சந்தர்நகர். 1950 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர். நம் புதுச்சேரியை ஆண்ட டூப்ளே அதற்கு முன் இங்கேதான் அதிகாரியாக இருந்தார். ஆற்றங்கரை நடைபாதையில் நின்றால் புதுச்சேரி ஞாபகம் வராமல் போகாது. ஜலபரா சந்தேஷ் என்ற பால் இனிப்பு பிறந்ததும் இங்கே. கடித்தால் உள்ளிருந்து பன்னீர் வழியும். சட்டையில் சிந்தாமல் சாப்பிடத் தனிப் பழக்கம் வேண்டும்.

சாப்பாடு

ஹைதராபாத் பிரியாணி பச்சை இறைச்சியை மசாலாவில் ஊறவைத்து, பாதி வெந்த அரிசியை மேலே போட்டு, மூடி வேகவைப்பது. ஆம்பூரிலும் திண்டுக்கல்லிலும் பழகிய நாக்குக்கு முதல் கவளத்திலேயே அது பிடித்துவிடும். கொல்கத்தா பிரியாணி அப்படியில்லை. மசாலா குறைவு, வாசனை அதிகம், நடுவே ஒரு முழு உருளைக்கிழங்கு. லக்னோவிலிருந்து 1856-இல் ஆட்சி பறிபோய் வந்த நவாப் வாஜித் அலி ஷா கொல்கத்தாவின் மேட்டியாபுருஜில் குடியேறியபோது கூடவே வந்த சமையல் இது. உருளைக்கிழங்கு வறுமையால் வந்ததா, அன்று அது புதுமையாக இருந்ததால் வந்ததா என்று அங்கே இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. எனக்கு இறைச்சியைவிட அந்தக் கிழங்கே பிடிக்கும். ஆனால் பிரியாணிக்கு பிரியாணி என்று வைத்தால் ஹைதராபாத்தே ஜெயிக்கும்.

சிக்கல் மூன்றாம் நாள் தொடங்குகிறது. காலையில் ஆட்டுக்கால் நஹாரி, மதியம் பிரியாணி, இரவு கபாபும் டபுள் கா மீட்டா என்ற ரொட்டி இனிப்பும். எல்லாமே கனம், எல்லாமே நெய். நடுவில் மூச்சு விடவைப்பது இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும்தான். சார்மினாரைப் பார்த்தபடி நின்று குடிக்கும் அந்தச் சாயாவுக்கு நான் எப்போதும் கட்சி. ரமலான் மாதத்தில் போனால் ஹலீம் கிடைக்கும். 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது, கோதுமையும் இறைச்சியும் உருத்தெரியாமல் கரையும்வரை கிண்டியது. அந்த மாதம் பழைய நகரம் பகலில் அடங்கியிருக்கும், இரவில் விழித்திருக்கும். மதியச் சாப்பாட்டை வேறு பக்கம் பார்த்துக்கொள்ள வேண்டும். கனம் தாங்காதவர்களுக்கு ஆந்திர மீல்ஸ் இருக்கிறது. பருப்புப் பொடி, நெய், கோங்கூரா பச்சடி, கடைசியில் தயிர். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஹைதராபாத்தில் கவலையே இல்லை.

கொல்கத்தாவில் ஒரு நாளின் சாப்பாடு கனத்திலிருந்து லேசுக்கும் லேசிலிருந்து கனத்துக்கும் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், கூடவே சுடச்சுட ஜிலேபி. மதியம் பைஸ் ஹோட்டல் எனப்படும் பழைய சாப்பாட்டுக் கடைகள். வாழையிலை, நாம் கேட்டு வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை, சில இடங்களில் இலைக்கே விலை. வங்காளி விருந்தில் கசப்புதான் முதலில் வரும்: பாகற்காய் சேர்ந்த சுக்தோ. பிறகு பருப்பு, கசகசா அரைத்துவிட்ட உருளைக்கிழங்கு, வாழைப்பூக் கறி, கடுகு அரைத்த மீன், கடைசிக்குச் சற்று முன் தக்காளிச் சட்னி. அந்தச் சட்னி தித்திக்கும். சோற்றில் போட்டுப் பிசையாதீர்கள், அப்பளத்தோடு தனியாகச் சாப்பிட வேண்டியது அது. மாலையில் தெருவோரம் புச்கா (அவர்களுடைய பானிபூரி), பார்க் ஸ்ட்ரீட் பக்கம் முட்டை ரோல். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எழ முடிந்தால் டிரெட்டா பஜாரில் சீனர்களின் பலகாரங்கள். எட்டு மணிக்குப் போனால் பாதி தீர்ந்திருக்கும். இனிப்பு எந்த வேளைக்கும் பொருந்தும். குளிர்காலத்தில் புது ஈச்சவெல்லம் வந்ததும் சந்தேஷும் ரசகுல்லாவும் பழுப்பு நிறத்துக்கு மாறும். அந்த ஒரு காரணத்துக்காகவே ஜனவரியில் போகலாம்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. கடுகெண்ணெய் வாசனை பிடிக்காதவர்களுக்கு இத்தனையும் வீண். சைவர்கள் ‘நிராமிஷ்’ என்று சொல்லிக் கேட்டால் வெங்காயம், பூண்டுகூட இல்லாத அருமையான கறிகள் கிடைக்கும். ஆனால் பக்கத்து இலையில் மீன் இருக்கும், அதே சமையலறையில்தான் எல்லாம் வேகும். அதைப் பொறுத்துக்கொள்ள முடியாத பெரியவர்கள் கூட வந்தால் படா பஜார் பக்கம் மார்வாடி கடைகள் இருக்கின்றன. தெற்கே லேக் மார்க்கெட்டில் தலைமுறைகளாகத் தமிழர்கள் குடியிருப்பதால் இட்லிக்கும் டிகிரி காபிக்கும் குறையில்லை.

நடுப்பகல் பிரச்சினை

நிதானமான விடுமுறையைத் தீர்மானிப்பது மதியம் ஒரு மணி என்பேன். அந்த நேரத்தில் விடுதிக்குத் திரும்பி, படுத்து எழுந்து, மாலையில் மறுபடி கிளம்ப முடிகிறதா?

ஹைதராபாத்தில் கஷ்டம். சார்மினாரிலிருந்து கோல்கொண்டா பத்து கிலோமீட்டர் அளவு. இரண்டு இடத்துக்கும் மெட்ரோ போவதில்லை, பழைய நகரத்துக்கான பாதை இன்னும் வர வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பயணமும் ஆட்டோ அல்லது டாக்சி, ஒவ்வொன்றிலும் நெரிசல். வசதியான விடுதிகள் பஞ்சாரா ஹில்ஸிலும் கச்சிபௌலியிலும். பார்க்க வேண்டியவை வேறு திசையில். நாம்பள்ளி, அபிட்ஸ் பக்கம் தங்கினால் தூரம் குறையும், தெரு சத்தம் கூடும்.

கொல்கத்தாவில் எஸ்பிளனேடுக்கும் பார்க் ஸ்ட்ரீட்டுக்கும் நடுவே தங்கிவிட்டால் பாதி இடங்கள் நடக்கும் தூரம். மெட்ரோ 1984 முதல் ஓடுகிறது. 2024-இலிருந்து ஆற்றுக்கு அடியிலும் போகிறது. பகல் தூக்கத்துக்குத் திரும்புவது அங்கே சுலபம், அந்த ஊரே அதை ஆதரிக்கும். டிராமை மட்டும் நம்பிப் போகாதீர்கள்; 1873-இல் தொடங்கிய அந்தச் சேவையில் எஸ்பிளனேடு–மைதானம் பாதையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்துவதாக 2024-இல் அரசு அறிவித்தது. நடைபாதைகளும் கடைகளால் நிறைந்தவை, உடைந்தவை. முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கோல்கொண்டாவின் படியும் சரிவராது, கொல்கத்தாவின் நடைபாதையும் சரிவராது. அவர்களுக்குப் படகும் மெட்ரோவும் இருப்பதால் கொல்கத்தாவே பரவாயில்லை.

நாள் பார்த்துக் கிளம்புவது முக்கியம். ஹைதராபாத்தில் வெள்ளிக்கிழமை சாலார் ஜங், சௌமஹல்லா, குதுப் ஷாஹி சமாதிகள் எல்லாம் மூடியிருக்கும்; அன்று கோல்கொண்டாவை வைத்துக்கொள்ளுங்கள். கொல்கத்தாவில் திங்கட்கிழமை விக்டோரியா, இந்திய அருங்காட்சியகம், ஜோராசாங்கோ மூன்றும் விடுமுறை. அன்று தட்சிணேஸ்வரம் போகலாம். துர்கா பூஜை நாட்களில் நிதானம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த திருவிழா அது, அதைப் பார்க்கத் தனியாகப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் வாரத்தில் பார்க் ஸ்ட்ரீட் முழுக்க விளக்கும் கூட்டமுமாக இருக்கும், அறை வாடகையும் ஏறும். பொங்கல் முடிந்த கையோடு கிளம்பினால் இரண்டு தொல்லையும் இல்லை, ஈச்சவெல்லமும் தீர்ந்திருக்காது.