விமானிக்கு எந்தக் கூலிங் கிளாஸ்? போலரைஸ்டும் சாதாவும்

கூலிங் கிளாஸ் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவது போலரைஸ்டு கண்ணாடியைத்தான். கார் ஓட்டவும் மீன் பிடிக்கவும் அருமையான பொருள். ஈரச் சாலையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கிற கூச்சத்தை வெட்டி எடுத்துவிடும். ஆனால் விமானத்தில் அதுவே வினையாகிறது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்புகளான அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ.வும் பிரிட்டனின் சி.ஏ.ஏ.வும் விமானிகளுக்கு அது வேண்டாம் என்றுதான் சொல்கின்றன.

ஏன் என்று கையோடு சோதித்துப் பார்க்கலாம். போலரைஸ்டு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். பல ஃபோன்களில் ஏதோ ஒரு கோணத்தில் திரை மங்கும். சிலவற்றில் இருண்டே போகும். காக்பிட்டில் இருக்கிற திரைகளுக்கும், மடியில் வரைபடம் காட்டுகிற டேப்லெட்டுக்கும் இதே கதி நேரலாம். முன்பக்கக் கண்ணாடி பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது என்பதால், அதிலுள்ள அழுத்தக் கோடுகள் வானவில் திட்டுகளாகத் தெரியத் தொடங்கும். இவை எரிச்சலோடு போய்விடும். எனக்குப் பயம் தருவது மூன்றாவது காரணம்: தூரத்தில் வரும் இன்னொரு விமானத்தை நம் கண் பல நேரம் பிடிப்பதே அதன் இறக்கையில் பளிச்சிடும் வெயிலை வைத்துத்தான். போலரைஸ்டு லென்ஸ் அந்த மினுக்கையும் சேர்த்து விழுங்கிவிடும்.

சாதா லென்ஸுக்கு இந்தச் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. எல்லாவற்றையும் ஒரே அளவில் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். கடல் மேல் தாழப் பறந்தால் கொஞ்சம் கூசும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உயரத்தில் கண்ணைப் பறிப்பது பெரும்பாலும் மேகத்தின் வெண்மை. அந்த ஒளி பல முறை சிதறி வருவதால் அங்கே போலரைஸ்டு லென்ஸாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. என் ஓட்டு சாதாவுக்கே.

அடுத்த போட்டியாளர், வெயிலில் தானே கறுக்கும் ஃபோட்டோக்ரோமிக். ஒரே கண்ணாடியில் எல்லாம் முடிந்துவிடும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் அது கறுக்கப் புற ஊதாக் கதிர் வேண்டும். அதில் பெரும் பகுதியைக் காக்பிட் கண்ணாடியே தடுத்துவிடுவதால் லென்ஸ் அரைகுறையாகத்தான் கறுக்கும். கறுத்தது மறுபடி தெளியவும் நிமிடங்கள் ஆகும். வெயிலிலிருந்து மேகத்துக்குள் இறங்குகிற விமானம் அவ்வளவு நேரம் காத்திருக்காது.

எவ்வளவு கறுப்பு வேண்டும்? எஃப்.ஏ.ஏ. கணக்கில் வெளிச்சத்தில் 70 முதல் 85 சதவீதம் வரை தடுத்தால் போதும், அதாவது 15 முதல் 30 சதவீதம் உள்ளே வரலாம். அதற்கு மேல் கறுத்தால் உள்ளே இருக்கும் கருவிகளைப் படிக்கத் தடுமாற்றம். ஐரோப்பிய முறையில் கண்ணாடிக்கு 0 முதல் 4 வரை எண் இருக்கும். 4 என்றால் 8 சதவீதத்துக்கும் குறைவான ஒளியே உள்ளே வரும். கார் ஓட்டவே ஆகாது. 3ல் 8 முதல் 18 வரை, 2ல் 18 முதல் 43 வரை. ரே-பானின் ஜி-15 லென்ஸில் இருக்கிற 15, அது உள்ளே விடும் ஒளியின் சதவீதம்தான்.

நிறத்தில் சாம்பல் முதலிடம், நிறங்களை மாற்றிக் காட்டாது. பழுப்பு லென்ஸில் மூட்டமான நாளில் பார்வை துலக்கமாக இருக்கிறது என்று சொல்கிற விமானிகளும் உண்டு, அதுவும் சரியே. மஞ்சள், ஆரஞ்சு வகையறா வேண்டாம். சிவப்பு, பச்சை விளக்குகளைப் பிரித்தறிய வேண்டிய வேலை இது.

லென்ஸ் எதில் செய்தது என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கிளாஸ் எளிதில் கீறாது, ஆனால் கனம். பாலிகார்பனேட் லேசானது, அடி தாங்கும், சுலபமாகக் கீறும். சி.ஆர்.-39 பிளாஸ்டிக் நடுவில் நிற்கிறது.

வாங்குகிறவர்கள் கோட்டை விடுவது கண்ணாடியின் கால்களில். தடித்த பிளாஸ்டிக் கால் ஹெட்செட்டின் மெத்தையைத் தூக்கிவிடும். அந்தச் சந்தில் என்ஜின் இரைச்சல் நுழையும். இரண்டு மணி நேரம் போனால் பொட்டில் நோவு எடுக்கும். காதைச் சுற்றி வளையும் கொக்கிக் கால், குனிந்தாலும் நழுவாது. ஆனால் கழற்ற வேண்டுமென்றால் ஹெட்செட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்க விமானப்படைக்காக 1950களின் இறுதியில் வந்த எச்.ஜி.யூ.-4/பி வகையில் கால்கள் மெல்லியவை, நேரானவை. தலையில் ஹெல்மெட் இருக்கும்போதே செருகலாம், உருவலாம். அதே பாணிக் கண்ணாடியை ராண்டால்ஃப் போன்ற நிறுவனங்கள் இன்றும் செய்கின்றன.

வெள்ளெழுத்து வந்தவர்கள் மேலே கறுத்துக் கீழே வெளுத்த லென்ஸைப் பவரோடு போட்டுக்கொள்ளலாம். வெளியே பார்க்க நிழல், கருவியைப் பார்க்க வெளிச்சம். எதை வாங்கினாலும், கடைக்கு ஹெட்செட்டையும் எடுத்துப் போய் மேலே மாட்டி, கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.