ட்ரைப்ளை என்று சொல்லித் தலையில் கட்டும் கடாய்: பாண்டியில் பாத்திரம் வாங்குவோர் கவனத்துக்கு

26 செ.மீ. ஆழக் கடாய், மூடியோடு 2,400 ரூபாய். "முழு ட்ரைப்ளை, ஆயுசுக்கும் வரும்" என்று சொல்லி பாண்டியில் ஒரு கடையில் விற்றது. கடலூருக்கு வந்து அடுப்பில் ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அது அடியில் மட்டும் தட்டு ஒட்டிய சாதாரண எவர்சில்வர் கடாய். திருப்பிக் கொடுக்கப் போனால், "அடுப்புல வெச்சாச்சு, இனிமே எடுக்க மாட்டோம்" என்றார்கள். பில்லைப் பார்த்தால் "எஸ்.எஸ். கடாய் 1", அதாவது எவர்சில்வர் கடாய் ஒன்று, என்று மட்டும் இருக்கிறது. ட்ரைப்ளை என்ற சொல்லே இல்லை.

உண்மையான ட்ரைப்ளையில் உள்ளே எவர்சில்வர், நடுவில் அலுமினியம், வெளியே காந்தம் ஒட்டும் எவர்சில்வர். மூன்றையும் ஒரே தகடாக அழுத்தி, அந்தத் தகட்டையே கடாயாகக் குழித்து எடுப்பார்கள். அதனால் அலுமினியம் விளிம்பு வரை ஏறியிருக்கும். அடித்தட்டுக் கடாயில் அலுமினியம் கீழே வட்டமாக மட்டும்தான். பக்கச் சுவர் வெறும் மெல்லிய எவர்சில்வர். எவர்சில்வரைவிட அலுமினியம் ஏறக்குறைய பதினைந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வித்தியாசம் எல்லாம் இதில்தான் இருக்கிறது.

சுறாப் புட்டு கிளறிப் பாருங்கள், தெரிந்துவிடும். கேஸ் தீ தட்டின் ஓரத்தைத் தாண்டி மெல்லிய சுவரில் நேராகப் படும். அந்தச் சூடு பரவ வழியில்லாமல் அதே இடத்தில் நிற்கும். தட்டு முடியும் இடத்துக்குச் சற்று மேலே வளையம் போட்டதுபோல் புட்டு ஒட்டிக் கருகும், நடுவில் இருப்பது இன்னும் ஈரமாகவே கிடக்கும். வற்றவிடும் மீன் குழம்பிலும் இதே வளையம்தான். சாதம் வடிக்க, சாம்பார் கொதிக்க வைக்க இந்தக் கடாய் போதும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலைக்கு 2,400 ரூபாய் எதற்கு?

கடையில் காட்டும் முதல் வித்தை காந்தம். அடியில் ஒட்டவைத்து "பாருங்க, இண்டக்‌ஷன் ட்ரைப்ளை" என்பார்கள். அடித்தட்டின் கீழ்முகமும் காந்தம் ஒட்டும் எவர்சில்வர்தான், அதனால் அடியில் ஒட்டுவது எதையும் காட்டாது. காந்தத்தைக் கேட்டு வாங்கி வெளிச் சுவரில் வையுங்கள். அடியில் ஒட்டி, சுவரில் நழுவி விழுந்தால் அடித்தட்டுக் கடாய்தான். சுவரிலும் ஒட்டினால் உடனே நம்பிவிட வேண்டாம், ஒற்றைத் தகட்டிலும் காந்தம் ஒட்டும் ரகம் உண்டு.

அதற்கு நகம் இருக்கிறது. அடியிலிருந்து சுவர் மேலே வெளிப்பக்கமாக நகத்தால் இழுங்கள். ஓரிடத்தில் படிபோல் தட்டினால் அங்கேதான் தட்டு முடிகிறது. ட்ரைப்ளையில் அடியும் சுவரும் ஒரே வழவழப்பு. பிறகு விளிம்பைப் பாருங்கள். வெட்டிய விளிம்பில் இரண்டு பளபளப்புக் கோட்டுக்கு நடுவே மங்கலாக ஒரு சாம்பல் கோடு தெரியும். விளிம்பை மடித்து மூடியிருந்தால் தெரியாது, அப்போது விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் கேளுங்கள். மெல்லிய எவர்சில்வர் "டிங்ங்" என்று நீளும், ட்ரைப்ளை சட்டென்று அடங்கும்.

எடையை நம்பி வாங்குவதுதான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். 24 செ.மீ. ட்ரைப்ளை கடாய், 2.5 மி.மீ. கனத்தில், மூடியில்லாமல் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். அடித்தட்டைத் தடிமனாகப் போட்டால் அடித்தட்டுக் கடாயும் அதை நெருங்கிவிடும். கனம் முழுக்க அடியில் இருந்தால் கைக்கு இன்னும் உறுதியாகத் தோன்றும் என்பதுதான் வேடிக்கை.

உள் தகடு 304 ரக எவர்சில்வர் என்றால் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். நிக்கல் குறைத்து மாங்கனீஸ் சேர்த்த 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, கண்ணாலும் பிரிக்க முடியாது. உப்பும் புளியும் பட்டால் அதில் சீக்கிரம் புள்ளி விழும். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு எவர்சில்வர் சமையல் பாத்திரத்துக்கான தர எண் ஐ.எஸ். 14756-உம், சி.எம்./எல். உரிம எண்ணும் இருக்கிறதா பாருங்கள். அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருடையது என்று வந்துவிடும்.

பில்லில் "முழு ட்ரைப்ளை, உள் தகடு 304" என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் கடாயை அங்கேயே வைத்துவிட்டு வரலாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருப்பதைக் கண்டு பின்வாங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதே முறையற்ற வணிகம். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். நகராவிட்டால் நுகர்வோர் ஆணையம். வாங்கியது பாண்டி என்றாலும் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், அதாவது கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

ஏற்கெனவே அடித்தட்டுக் கடாய் வீட்டில் இருந்தால், சின்ன பர்னரில் வையுங்கள், தீ தட்டின் ஓரத்தைத் தாண்டக் கூடாது. சுடச்சுடக் குழாயடியில் காட்டாதீர்கள். அலுமினியம் எவர்சில்வரைவிட அதிகமாக விரிந்து சுருங்குவதால் ஒட்டு விடும். அடி உப்பியிருந்தாலோ, அடுப்பில் வைத்ததும் சடசடவென்று சத்தம் வந்தாலோ ஒட்டு விட்டுவிட்டது என்று அர்த்தம். வெறும் கடாயைப் பெருந்தீயில் மறந்துவிடுவது இன்னும் மோசம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அடி கழன்று உருகிய உலோகம் அடுப்பு மேடையில் கொட்டும்.