மணிக்கட்டில் பிளேட் வைத்த பிறகு "அசைக்கவே கூடாது" என்றால் காரணம் கேளுங்கள்

மணிக்கட்டு முறிந்து பிளேட் வைத்துக்கொண்டவர்களுக்கும், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களுக்கும், அவர்களுக்குத் துணையாக இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு நடந்த ஆபரேஷனில் குறை எதுவும் இல்லை. அதற்குப் பிறகு கிடைக்க வேண்டிய கவனிப்பில்தான் ஏமாற்றப்பட்டேன். அதற்கும் சேர்த்தே முன்பணம் வாங்கியிருந்தார்கள் என்பதால் ஏமாற்று என்றே சொல்கிறேன்.

விழுந்தபோது கையை ஊன்றியதில், முன்கையின் பெரிய எலும்பு மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முறிந்து விலகிவிட்டது. மூட்டுக்குள்ளும் விரிசல் போயிருந்தது. உள்ளங்கைப் பக்கமாகத் திறந்து டைட்டானியம் பிளேட் வைத்து ஸ்க்ரூ போட்டார்கள். மறுநாள் எக்ஸ்ரேயைக் காட்டி, "அருமையாக உட்கார்ந்திருக்கிறது, இனி கவலையே வேண்டாம்" என்றார்கள். அது உண்மைதான். பின்னால் நான் பார்த்த டாக்டரும் பிளேட்டை நல்ல இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்றே சொன்னார். ஆனால் அதே நாளில் விரல் நுனி மட்டும் வெளியே தெரியும்படி மாவுக்கட்டு போட்டு, கையை ஸ்லிங்கில் தொங்கவிட்டு, "6 வாரம் விரலைக்கூட அசைக்காதீர்கள், பிளேட் நகர்ந்துவிடும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இந்த ஒரு வாக்கியம்தான் என் கையைக் கெடுத்தது.

இப்போது வைக்கிற பிளேட்டுகளில் ஸ்க்ரூவின் தலை பிளேட்டிலேயே மரை போட்டுப் பூட்டிக்கொள்ளும். எலும்பு முழுதாக ஒட்டுவதற்கு முன்பே கையை மெல்ல அசைக்க முடிகிற அளவுக்கு அது உறுதியாக நிற்கும். பிளேட் வைப்பதில் இருக்கிற பெரிய லாபமே அதுதான். பிரிட்டனில் 461 பேரை வைத்துச் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், எலும்பைத் திறக்காமலே நேராக்க முடிந்த முறிவுகளில், பிளேட் வைத்தவர்களுக்கும் வெறும் கம்பி செருகியவர்களுக்கும் 12 மாதம் கழித்து பயன்பாட்டில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் முறிவு அந்த வகை இல்லை, திறந்துதான் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஆனாலும் அதில் ஒரு செய்தி இருக்கிறது: பிளேட்டின் கூடுதல் பலன் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான். அந்த வாரங்களில் கையைக் கட்டிப்போட்டுவிட்டால், கத்தி வைத்துக்கொண்டதும் நாம்தான், மாவுக்கட்டுக்காரர்களைப் போல விறைத்துப்போவதும் நாம்தான்.

பிளேட் வைத்தவர்களுக்கு வழக்கமாக நடக்க வேண்டியது இது. மயக்கம் தெளிந்த நாளிலிருந்தே விரல்களை முழுதாக மடக்கி முழுதாக நீட்ட வேண்டும். கட்டைவிரல் நுனியால் மற்ற ஒவ்வொரு விரல் நுனியையும் தொட வேண்டும். முழங்கையையும் தோளையும் சும்மா விடக் கூடாது. கையை இதயத்துக்கு மேலே உயர்த்தி வைத்தால்தான் வீக்கம் வடியும். நாள் முழுக்க ஸ்லிங்கில் தொங்கினால் வீக்கம் விரல்களிலேயே தங்கிவிடும். சுமார் 2 வாரத்தில் தையல் பிரித்ததும், பெரும்பாலானவர்களுக்குக் கழற்றி மாட்டுகிற ஸ்பிளிண்ட் கொடுத்து, அதைக் கழற்றி மணிக்கட்டை மெதுவாக அசைக்கச் சொல்வார்கள். எடை தூக்குவதும் அழுத்தி ஊன்றுவதும் எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டியது தெரிந்த பிறகு, அதாவது 6 வாரத்துக்கு மேல். சிலருக்கு உண்மையாகவே நீண்ட நாள் கட்டு தேவைப்படலாம். பக்கத்தில் உள்ள சிறிய எலும்பின் மூட்டு தளர்ந்திருந்தாலோ, தசைநார் கிழிந்திருந்தாலோ, எலும்பு நொறுங்கியிருந்தாலோ டாக்டர் அப்படிச் சொல்வார். அப்போது அவரிடம் காரணம் இருக்கும், கேட்டால் சொல்லவும் செய்வார். அப்படிப்பட்டவர்களுக்குக்கூட விரலை அசைக்காதே என்று சொல்வது மிக மிக அபூர்வம்.

என்னிடம் யாரும் காரணம் சொல்லவில்லை. தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் வரவே இல்லை. உதவியாளர் ஒருவர் பிரித்துவிட்டு, பழையபடியே மாவுக்கட்டைப் போட்டார். விரல்கள் பளபளவென்று வீங்கியிருந்தன, ஒரு நேரம் சிவப்பாகவும் ஒரு நேரம் நீலம் பாய்ந்தும் இருந்தன. போர்வை உரசினாலே எரிந்தது. அந்தக் கை மட்டும் வியர்த்தது. அவரிடம் காட்டினேன். "ஆபரேஷன் என்றால் வலிக்கத்தான் செய்யும், உங்களுக்குத் தாங்கும் சக்தி குறைவு" என்றார். போனில் கேட்டபோதும் அதே பதில். வலியில் இருக்கிற மனிதரிடம் இப்படிப் பேசுவதை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

நான் சொன்ன ஒவ்வொன்றும் சிஆர்பிஎஸ் என்கிற வலி நோயின் அறிகுறி. காயத்துக்குப் பொருந்தாத அளவு வலி, தொட்டாலே எரிச்சல், நிறமும் சூடும் மாறுவது, வீக்கம், வியர்வை, விறைப்பு. மணிக்கட்டு முறிவுக்குப் பிறகு இது வரக்கூடும் என்பது எலும்பு மருத்துவம் படித்த எல்லாருக்கும் தெரிந்ததே. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தும் மென்மையான பயிற்சியும் தொடங்கினால் பலருக்கு நன்றாகக் குறைகிறது. தள்ளிப்போட்டால் கை நிரந்தரமாக விறைக்கலாம்.

அப்புறம் பிசியோ. டிஸ்சார்ஜ் பில்லிலேயே "முழு மறுவாழ்வுத் திட்டம்" என்று போட்டு மொத்தப் பணத்தையும் வாங்கிவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் ஆவலோடு போனேன். முழங்கால் வலிக்காரருக்கும் எனக்கும் ஒரே சிகிச்சை: சூடு காட்டும் விளக்கு, ஒட்டு வைத்து மின்சாரம் பாய்ச்சும் மெஷின், கடைசியில் ஒரு பையன் வந்து மணிக்கட்டைப் பிடித்து பலமாக அழுத்தி வளைப்பான். அன்று இரவு கை இன்னும் வீங்கும். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று ஒருவரும் அளக்கவில்லை. வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. விரல்களை யாரும் கவனிக்கவே இல்லை. ஒருநாள் வருகைப் பதிவேட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். நான் போகாத நாட்களிலும் வந்ததாக எழுதி, யாரோ கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டு, வேறு இடத்தில் கை அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரையும், கைக்கென்றே பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் ஒருவரையும் பார்த்தேன். அந்தத் தெரபிஸ்ட் அம்மா முதலில் செய்தது என்ன தெரியுமா? கையை மூடச் சொல்லி, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு மணிக்கட்டின் கோணங்கள், உள்ளங்கையை மேலே திருப்ப முடிகிற அளவு, பிடியின் பலம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். இழுக்கவே இல்லை. என்னையே அசைக்கச் சொன்னார், கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் பல முறை. ஆறிய தழும்பைத் தேய்த்துவிடக் கற்றுத்தந்தார். மற்ற கையோடு ஒப்பிட்டு எழுதிய தாளை என்னிடமே கொடுத்தார். நல்ல பிசியோவுக்கும் போலிக்கும் உள்ள வேறுபாட்டை அந்தத் தாளிலேயே பார்க்கலாம்: அளக்காதவர் முன்னேற்றத்தை எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது என்னால் முழுதாகக் கை மூட முடிகிறது. எரிச்சல் போய்விட்டது. உள்ளங்கையை மேலே திருப்புவது மட்டும் இன்னும் பாதியில் நிற்கிறது. பிடியின் பலம் திரும்ப ஒரு வருடம்வரைகூட ஆகும் என்று இந்த டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். இதை முதல் மருத்துவமனையில் சொல்லியிருந்தால் எவ்வளவோ பயம் குறைந்திருக்கும்.

பிளேட் வைத்தவர்கள் நெடுநாளைக்கு நினைவில் வைத்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. அதையும் இந்த டாக்டர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். பிளேட்டின் விளிம்பு மூட்டுப் பக்கம் அதிகமாகத் துருத்தியிருந்தால், கட்டைவிரலை மடக்கும் தசைநார் அதில் உரசி உரசி அறுந்துபோகலாம். ஸ்க்ரூ நீளமாகி மறுபக்கம் எட்டிப் பார்த்தால், கட்டைவிரலைத் தூக்கும் தசைநாருக்கும் அதே கதி. மாதங்கள் கழித்தும் நடக்கும், வருடங்கள் கழித்தும் நடக்கும். கட்டைவிரலை அசைக்கும்போது கரகரப்பு, சொடுக்குச் சத்தம், மணிக்கட்டில் புதிய வலி வந்தால் "பழகிவிடும்" என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அறுவதற்கு முன் பிளேட்டையோ ஸ்க்ரூவையோ எடுத்துவிட்டால் தசைநார் தப்பிக்கும். அறுந்த பிறகு வேறு தசைநாரை மாற்றி வைக்கிற ஆபரேஷன்வரை போகும். தொந்தரவு இல்லாதவர்கள் பிளேட்டை எடுக்க வேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் மாத்திரைக்கும் அடங்காமல் வலி கூடிக்கொண்டே போனாலோ, கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போனாலோ, விரல்கள் குளிர்ந்து வெளிறினாலோ நாளைவரை காத்திருக்காதீர்கள். கட்டு இறுக்கமாக இருக்கலாம், நரம்பு அழுந்தலாம், உள்ளே அழுத்தம் ஏறலாம். அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இன்னொன்று. 50 வயதுக்கு மேல், நின்ற இடத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்தவர்களுக்கு எலும்பு அடர்த்தியைச் சோதிக்க வேண்டும். அடுத்து இடுப்பு முறியாமல் காக்க அது உதவும். எனக்கு அதையும் யாரும் சொல்லவில்லை.

பணத்தைப் பற்றி: எழுத்தில் புகார் கொடுத்து, போகாத நாட்களின் பதிவைக் குறிப்பிட்டுக் கேட்டபோது, பயன்படுத்தாத பிசியோவுக்கான தொகையைத் திருப்பித் தந்தார்கள். வாய்மொழியாகக் கேட்டவரை "திட்டம் முடிந்துவிட்டது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆகவே பிசியோவுக்கு மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே நகல், வைத்த பிளேட்டின் விவரம் மூன்றையும் வாங்கிவிடுங்கள். இரண்டாவது டாக்டரிடம் போனபோது என்னிடம் அவை இல்லை. கேட்டு வாங்குவதற்குள் இன்னும் சில வாரங்கள் போய்விட்டன.