சிலிக்கான் கார்பைடா, சிலிக்கான் நைட்ரைடா: சூட்டில் எது தாங்கும்?

காற்றில் 1200 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறினால் இந்த இரண்டு பீங்கான் வகைகளின் மேலும் மெல்லிய சிலிக்கா (சிலிக்கான் ஆக்சைடு) படலம் படியும். ஆக்சிஜனை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான்.

தூய நைட்ரைடில் சிலிக்காவுக்கு அடியில் ஆக்சிநைட்ரைடு (சிலிக்கானோடு ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்தது) அடுக்கும் உருவாகும். அதனால் கார்பைடைவிட அது மெதுவாகவே ஆக்சிஜனேற்றம் அடைகிறது. ஆனால் தூய நைட்ரைடில் அடர்த்தியான பாகம் செய்வது பெரும் பாடு. இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு), மக்னீசியா (மக்னீசியம் ஆக்சைடு) போன்றவற்றைக் கலந்துதான் பெரும்பாலும் சுடுகிறார்கள். சூட்டில் அந்த உலோக அயனிகள் மேலேறி வந்து சிலிக்காவை இளக்கிவிடும், காவலே ஓட்டையாகிவிடுகிறது. கார்பைடை அடர்த்தியாகச் சுடக் கொஞ்சம் போரானும் கார்பனும் போதும். 1400 டிகிரிக்கு மேல் என் ஓட்டு கார்பைடுக்கே.

சரி, நீராவி இருந்தால்? இரண்டும் ஒன்றுதான். சிலிக்கா நீராவியோடு சேர்ந்து சிலிக்கான் ஹைட்ராக்சைடு வாயுவாக மாறிப் பறந்துவிடும். மேலே தனிப் பூச்சு தேவை.