அப்பாவின் 800-ம் என் திரை வண்டியும்

பாலக்கோட்டில் இருக்கும் அத்தை மகன் கார் எடுக்கப் போகிறான். "மச்சான், உன் புது வண்டி மாடலையே எடுக்கலாமா?" என்று போன் செய்தான். அன்றைக்குத்தான் சர்வீஸ் பில் கட்டிவிட்டு வந்திருந்தேன். கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் இரண்டு கார். அப்பா 1997-ல் வாங்கிய மாருதி 800, நான் 2022-ல் எடுத்த ஆட்டோமேட்டிக். புதியதன் பெயர் வேண்டாம்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 796 சிசி, நாலு கியர் 800-ல் ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது), ஏசி எதுவும் கிடையாது. போன ஐப்பசி மழையில் தொப்பூர் கணவாய் இரட்டைப் பாலத்துக்கு மேலே லாரி ஒன்று சட்டென்று குறுக்கே வந்தது. புது வண்டியில் பிரேக்கை முழுசாக மிதித்தேன். பெடல் காலுக்கடியில் படபடவென அதிர்ந்ததே தவிர சக்கரம் பூட்டவில்லை, ஸ்டியரிங் திருப்பிய பக்கம் வண்டி திரும்பியது. பின்சீட்டில் மகள் இருந்தாள். அந்த நொடியை மறக்க மாட்டேன்.

ஆனால் அதே இறக்கத்தில்தான் கண்ணாடி உள்பக்கம் வெள்ளையாகப் பூத்தது. மூச்சின் ஈரம்தான். ஏசியின் உலர்ந்த காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பினால் விலகிவிடும். அதற்கு டேஷ்போர்டில் இருக்கும் தொடுதிரையில் மேப்பை மூடி, ஏசி படத்தைத் தொட்டு, அடுத்த பக்கத்தில் சின்னதாக ஒரு கண்ணாடிப் படத்தைத் தேட வேண்டும். வண்டி குலுங்க, விரல் பக்கத்துப் படத்தில் விழுகிறது. முன்னும் பின்னும் லாரி, என் கண்ணோ திரையில்! 800-ல் ஒரு லீவர். இடது கை தானாகப் போய்த் தள்ளும். ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கினால் போதும்.

இந்தச் சித்திரையில் அந்தத் திரையே இருண்டுவிட்டது. கிருஷ்ணகிரி போய்வரும் வழியெல்லாம் ஏசி போட முடியவில்லை. பிரித்துப் பார்க்க மாட்டார்களாம், முழுசாகத்தான் மாற்றுவார்களாம். 48,000 ரூபாய்! 800-ன் கார்புரேட்டரை வருஷத்துக்கு ஒருமுறை நாலு ரோட்டுப் பக்கம் மெக்கானிக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, ஜெட்டை ஊதிப் பார்த்து மாட்டித் தருவார். எல்லாம் என் கண் முன்னால் நடக்கும்.

அவனுக்கு நான் சொன்னது: இதை எடுக்காதே. ஷோரூமில் சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பிப் பார். கைக்கு வசப்படுகிற வண்டியாகப் பார்த்து எடு. ஏபிஎஸ், ஏர்பேக்கை மட்டும் விட்டுவிடாதே.

800-க்கு 2027-ல் மறுபடி ஆர்சி புதுப்பிக்க வேண்டும், கட்டாயம் புதுப்பிப்பேன். அப்புறம், மகளோடு சேலம் போவதென்றால் இப்போதும் புது வண்டியைத்தான் எடுக்கிறேன்.